யூத மதமும் கிறிஸ்தவமும் எங்கே பிரிகின்றன? கேள்வி பதில்

யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நம்பிக்கையில் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன்.

கேள்வி: இரண்டு பேருக்கும் ஆபிரகாமின் கடவுள்தானே? இயேசுவை ஏற்காதது மட்டும்தான் வித்தியாசமா?

அப்படிப் பார்த்தால் கிறிஸ்தவத்திலிருந்து இயேசுவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது யூத மதம் என்று ஆகிவிடும். அது உண்மையல்ல. மனிதன் பாவத்திலிருந்து எப்படி மீட்கப்படுவான் என்பதுதான் கிறிஸ்தவத்தின் மையத்தில் இருக்கிற கேள்வி. யூதர்களின் கேள்வி வேறு: கடவுள் எங்களோடு உடன்படிக்கை செய்திருக்கிறார், அதற்கு ஏற்றபடி இன்றைக்கு எப்படி வாழ்வது? கேள்வியே வேறு என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

கேள்வி: திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கிறிஸ்தவ நம்பிக்கையை) யூதர்கள் பல தெய்வ வழிபாடாகப் பார்க்கிறார்களா?

"இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்ற உபாகமம் 6:4ஐ யூதர்கள் காலையிலும் இரவிலும் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் முதன்மையான கட்டளை எது என்று கேட்டபோது இயேசுவும் இதே வசனத்தைத்தான் சொன்னார் (மாற்கு 12:29). குமாரனாகிய இயேசு பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று 325இல் கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் அறிவித்தது. கடவுள் ஒருவரே என்பதை விட்டுக்கொடுக்காமல்தான் கிறிஸ்தவர்கள் அதைச் சொல்கிறார்கள். யூதர்களால் ஏற்க முடியாதது, கடவுள் மனித உடலெடுத்து வந்தார் என்பது.

இதில் யூத அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இருந்ததில்லை. 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடீஸ் கிறிஸ்தவத்தை உருவ வழிபாட்டோடு சேர்த்தார். அடுத்த நூற்றாண்டில் வந்த மெனாகெம் மெய்ரி, கிறிஸ்தவர்கள் நெறிக்குக் கட்டுப்பட்ட மக்கள், பழங்காலச் சிலை வழிபாட்டாளர்களுக்கான சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்றார்.

கேள்வி: ஐயா, மேசியா (கடவுள் அனுப்புவதாக வாக்களித்த மீட்பர்) வருவார் என்று அவர்களுடைய வேதத்திலேயே இருக்கிறதே. வந்தவரை ஏன் ஏற்கவில்லை?

"வந்தவர்" என்று கேள்வியிலேயே முடிவு செய்துவிட்டீர்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். யூத மரபு எதிர்பார்ப்பது தாவீதின் வம்சத்தில் பிறக்கும் ஒரு மனித அரசரை. அவர் எருசலேம் ஆலயத்தைக் கட்டுவார், சிதறிய மக்களை ஒன்று சேர்ப்பார். இதற்கு மைமோனிடீஸ் தன் சட்டத் தொகுப்பில் காட்டும் உதாரணம் பார் கோக்பா. 132இல் ரோமுக்கு எதிராகக் கிளம்பிய இவரை, அந்தக் காலத்தின் மாபெரும் அறிஞரான ரபி (யூத மத குரு) அகிவாவே மேசியா என்று நம்பினார். 135இல் பார் கோக்பா கொல்லப்பட்டார். கொல்லப்பட்டதும், அவர் மேசியா அல்ல என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்கிறார் மைமோனிடீஸ். அறிஞர்கள் அவரிடம் எந்த அற்புதமும் கேட்கவில்லை என்பதையும் அங்கேயே குறிப்பிடுகிறார். வேலையை முடிப்பதுதான் அடையாளம். முடிக்காமல் இறந்தால் அவர் மேசியா இல்லை.

கிறிஸ்தவ நம்பிக்கை சரியாக அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இயேசுவின் மரணம் தோல்வியல்ல, அதற்காகத்தான் அவர் வந்தார். உயிர்த்தெழுதல் அதற்குச் சாட்சி. மீதி எல்லாம் அவர் மீண்டும் வரும் இரண்டாம் வருகையில் நிறைவேறும். 1263இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் அரகோன் நாட்டுக் கிறிஸ்தவ அரசர் முன்னிலையில் நடந்த விவாதத்தில் நாக்மானிடீஸ் என்ற ரபி இதைத்தான் நேருக்கு நேர் கேட்டார்: பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்று ஏசாயா சொன்னாரே, இயேசுவின் நாளிலிருந்து இன்றுவரை உலகம் வன்முறையால்தானே நிறைந்திருக்கிறது? அரசரின் முகத்துக்கு எதிரே அப்படிக் கேட்கத் துணிவு வேண்டும். அந்த அமைதி வரும் என்பதை இரு தரப்பும் நம்புகின்றன. வழியில் ஒரு சிலுவை உண்டா என்பதில்தான் பிரிகிறார்கள்.

கேள்வி: ஆதாமின் பாவம் எல்லோரையும் தொடர்கிறது என்பதை யூதர்கள் நம்புகிறார்களா?

இல்லை. நல்ல நாட்டம், தீய நாட்டம் இரண்டோடும் மனிதன் பிறக்கிறான், தேர்ந்தெடுக்கும் சக்தி அவனிடமே இருக்கிறது என்பது அவர்கள் போதனை. "என் கடவுளே, நீர் எனக்குள் வைத்த ஆன்மா தூய்மையானது" என்பது யூதர்களின் காலை ஜெபம். ஜென்மப் பாவக் கோட்பாட்டை மேற்கத்தியத் திருச்சபைகளில் ஆழமாக வேரூன்றச் செய்தவர் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள், ஆதாமின் குற்றத்தை அல்ல, அதனால் வந்த சாவையே நாம் சுமக்கிறோம் என்கின்றன.

கேள்வி: பலி செலுத்திய எருசலேம் ஆலயமே இல்லையே, பலியில்லாமல் யூதர்களுக்கு மன்னிப்பு எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தார்கள். இடிபாடுகளைப் பார்த்த ரபி யோசுவா, நம் பாவங்களுக்கு நிவர்த்தி செய்த இடம் போய்விட்டதே என்று கலங்கினாராம். அவருடைய குரு யோக்கனான் பென் சக்காய், அதற்கு இணையான நிவர்த்தி நம்மிடம் இருக்கிறது, அது அன்புச் செயல் என்று சொல்லி ஓசியா 6:6ஐ எடுத்துக்காட்டினார்: "பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன்." மத்தேயு 9:13இல் இயேசு சொல்வதும் இதே வசனம்தான்!

மனந்திரும்புதல், ஜெபம், தர்மம் என்ற வழியில் யூதர்கள் போனார்கள். கிறிஸ்தவர்களுக்கு இயேசுவின் சிலுவை மரணமே ஒரே நிறைவான பலி. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். சக மனிதனுக்குச் செய்த தீங்கை, அவனைச் சமாதானப்படுத்தாதவரை பாவ நிவர்த்தி நாளான யோம் கிப்பூரும் மன்னிக்காது என்கிறது ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. வித்தியாசங்களைப் பட்டியல் போடும்போது இதை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: யூதர் அல்லாதவர்களுக்கு மீட்பு உண்டா?

யூத மரபின்படி உண்டு. யூதராக மதம் மாறவும் வேண்டியதில்லை. நோவாவின் ஏழு கட்டளைகளை (மனிதகுலம் முழுவதற்கும் உரியவை என்று கருதப்படும் அடிப்படை நெறிகளை) கடைப்பிடிக்கும் எவருக்கும் வரும் உலகில் பங்கு உண்டு என்பது அவர்கள் மரபு. அதனால்தான் அவர்களிடம் மதப் பிரசாரம் அரிது. நரகமும் பொதுவாக நிரந்தரமல்ல. தீயவர்களுக்கும் அங்கே பன்னிரண்டு மாதம்தான் என்கிறது மிஷ்னா.

கேள்வி: பழைய ஏற்பாடுதான் அவர்களுடைய வேதமா?

புராட்டஸ்டன்ட் பைபிளில் 39ஆக இருக்கும் புத்தகங்களே யூதர்களின் வேதமான தனாக்கில் 24ஆக எண்ணப்படுகின்றன. கத்தோலிக்கர்களுக்கு 46. வரிசை வேறு என்பது முக்கியம். கிறிஸ்தவப் பைபிளில் பழைய ஏற்பாடு மல்கியாவில், எலியா வருவார் என்ற வாக்கோடு முடிந்து, பக்கத்தைப் புரட்டினால் மத்தேயு. தனாக் நாளாகமத்தில் முடிகிறது: எருசலேமில் ஆலயம் கட்டப் புறப்பட்டுப் போகலாம் என்று பாரசீக மன்னன் கோரேஸ் அனுமதி தருகிறான். அதோடு, எழுதப்பட்ட தோராவை (மோசேயின் ஐந்து நூல்களை) மிஷ்னா, அதை விரித்து விவாதிக்கும் தல்மூத் வழியாகத்தான் யூதர்கள் வாசிக்கிறார்கள்.

கேள்வி: இயேசுவைக் கொன்றது யூதர்கள் என்று சொல்கிறார்களே?

சிலுவையில் அறைவது ரோமானியத் தண்டனை. உத்தரவிட்டவர் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து. அன்றைய எருசலேம் தலைவர்கள் சிலர் மரணத்தை வற்புறுத்தினார்கள் என்று நற்செய்திகள் சொல்வதை வைத்து ஒரு இனத்தையே நூற்றாண்டுக்கணக்கில் வதைத்தார்கள். அந்தப் பழியை அன்றைய யூதர் எல்லோர் மீதோ இன்றைய யூதர்கள் மீதோ சுமத்த முடியாது என்று 1965 அக்டோபர் 28 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக அறிவித்தது. எங்கு இந்தப் பேச்சு எழுந்தாலும் தயங்காமல் மறுத்துச் சொல்லுங்கள்.