ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்றில் ஒரு நாள் தங்கினால் எதைப் பார்க்கலாம்?

என்னைக் கேட்டால் கில்மார்ட்டின் என்பேன். ஓபன் நகருக்குத் தெற்கே, ஆர்கைல் பகுதியில் இருக்கும் சிற்றூர். ஊரைச் சுற்றி ஆறு மைல் தொலைவுக்குள் 800க்கும் மேற்பட்ட தொல்சின்னங்கள் இருக்கின்றன. ஊருக்குக் கீழே பள்ளத்தாக்கில் கற்குவைகள் (கற்களைக் குவித்து எழுப்பிய பழங்காலக் கல்லறைகள்) வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றில் மூத்ததான நெதர் லார்ஜி தெற்குக் கற்குவைக்கு வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல். பக்கத்திலேயே டெம்பிள் வுட் கல்வட்டம், ஆடு மேயும் வயலில் நெடுங்கற்கள். எல்லாம் நடக்கும் தூரம்தான்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் டனாட் குன்றுக்குப் போங்கள். கேலிக் மொழி பேசியவர்களின் டால் ரியாட்டா என்ற பழைய அரசுக்கு முக்கியக் கோட்டை அது. உச்சிக்கருகே பாறையில் ஒரு பாதச்சுவடு செதுக்கப்பட்டிருக்கிறது. முடிசூடும் அரசன் அதில் கால் வைத்து நின்றிருப்பான் என்று கருதுகிறார்கள். இன்று நம் கண்ணில் படுவது அசலைக் காக்க மேலே பதித்த நகல். அதனால் ஏமாற்றம் வேண்டாம். சுற்றிலும் விரியும் சதுப்பு நிலமும் வளைந்தோடும் ஆட் ஆறும் அசல்தானே!

ஊருக்கு வடக்கே கார்னசரி கோட்டை. 1567இல் கேலிக் மொழியின் முதல் அச்சு நூலை வெளியிட்ட ஜான் கார்ஸ்வெல் கட்டியது. மாலையில் கிரினான் கால்வாய்க் கரையில் நடக்கலாம். 9 மைல் நீளம், படகுகளை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் 15 மடைகள்; 1801இல் திறந்தார்கள். படகுகள் மடையேறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் பொழுது போவதே தெரியாது.

மழைச் சட்டையும் நல்ல காலணியும் கட்டாயம். ஜூன் மாதமென்றாலும் விட்டுவிடாதீர்கள்.