ஃபிரீ ஃபயர் ஆடும் பையனும் பிளஸ் டூவுக்குப் பின் படிப்பும்

முக்கூடலிலிருந்து எழுதிய தாயாருக்கு வணக்கம். பீடி சுற்றிய நேரம் போக மீதி நேரமெல்லாம் பையனிடம் போனைப் பிடுங்குவதிலேயே கழிகிறது என்று வருந்தியிருக்கிறீர்கள். ஃபிரீ ஃபயர் என்னும் துப்பாக்கிச் சண்டை ஆட்டமே கதி என்று கிடந்து, இ-ஸ்போர்ட்ஸ்தான் தன் பிழைப்பு என்று சொல்பவனை பிளஸ் டூவுக்குப் பின் என்ன படிக்கவைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, கணினி இல்லாத வீடுகளுக்குள்ளும் விளையாட்டு போன் வழியே நுழைந்துவிட்டது; இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த வினை அல்ல.

அவன் சொல்லும் இ-ஸ்போர்ட்ஸ், அதாவது போட்டியாக நடத்தப்படும் வீடியோ விளையாட்டு, 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாகவே இருந்தது. ஆனால் ஃபிரீ ஃபயர் போன்ற இன்னொரு போன் ஆட்டமான பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் நீக்கப்பட்டு 2023 மே மாதம்தான் திரும்பியது. அரசின் ஓர் உத்தரவில் பல மாதம் நின்றுவிடக்கூடிய ஒன்றைப் பிழைப்பாக நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பந்தயப் பணம் கட்டி ஆடும் செயலிகளையோ 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமே தடை செய்துவிட்டது. அப்படி ஏதேனும் அவன் போனில் இருந்தால், அந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

"லேய், போன் சுடுதுன்னா கிராபிக்ஸ ஸ்மூத்ல வையில, லேக் அடிக்காது" என்று அவன் கூட்டாளிக்குச் சொல்லிக்கொடுத்ததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. விலை குறைந்த போனில் நிழலையும் புல்லையும் தூரத்து மரத்தையும் வரைந்து வரைந்து பிராசசர் சூடேறுகிறது, சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, அதனால்தான் ஆட்டம் தடுமாறுகிறது. படங்களின் அளவைச் சுருக்கி, தூரத்துப் பொருள்களை எளிமையாக்கி, இத்தகைய போனிலும் ஆட்டத்தை ஓடவைப்பதற்கென்றே விளையாட்டு நிறுவனங்களில் நிரலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அன்றாடம் கையாளும் அணிகளும் (மேட்ரிக்ஸ்) வெக்டரும் அவனுடைய பிளஸ் டூ கணக்குப் புத்தகத்திலேயே உள்ளன.

ஆட்டத்தில் உள்ள ஆசை அதை உருவாக்குவதிலும் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. கோடாட் என்னும், விளையாட்டுகளை உருவாக்குவதற்கான இலவச மென்பொருளில், பள்ளிக் கணினியிலோ தெரிந்தவர் வீட்டுக் கணினியிலோ, ஒரு பந்து துள்ளும் சிறு ஆட்டத்தையாவது விடுமுறையில் அவன் செய்து பார்க்கட்டும். பிழை திருத்தும் சலிப்பான வேலையில் பொறுமையாக உட்கார்ந்தான் என்றால், கணினி அறிவியலைத் துணிந்து எடுக்கலாம். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, கட்-ஆஃப் எட்டாவிட்டால் பி.எஸ்சி. கணினி அறிவியலும் நல்ல வழிதான். நகையை அடகு வைத்துத் தனியார் 'கேம் டிசைன்' டிப்ளமோவில் சேர்க்க வேண்டாம்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவன் என்றால், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைக்கும்போது கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். அப்படி இல்லாவிட்டாலும், உங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவன்தான் என்றால் கட்டணச் சலுகைக்கு வேண்டிய முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.