பேப்பர் போடுவதற்கு முன்னால்: கேள்வி பதில்

மில்லில் 19 வருஷம், பிறகு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் 12 வருஷம், ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. பிடிக்காத வேலையில் மாட்டிக்கொண்டு, பேப்பர் போடலாமா, அதாவது ராஜினாமா பண்ணலாமா என்று யோசிப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிறு சாயந்திரம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. ஐ.டி.யில் நாலரை வருஷம். நாளைக்கே பேப்பர் போட்டுவிடவா? (சோழிங்கநல்லூர்)

பிடிக்காதது வேலையா, மேனேஜரா, நேரமா? மூன்றும் வேறு வேறு. என்னிடம் இப்படி வந்த ஒரு பையனை, எந்த நேரத்தில் எரிச்சல் வருகிறது என்று இரண்டு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வரச் சொன்னேன். பத்து நாளில் ஏழு நாள், ராத்திரி ஒன்பதரை மணி ஆபீஸ் போன் கால்தான் காரணம். புரோகிராம் எழுதும் நேரம் அவனுக்குப் பிடித்தே இருந்தது. வேறு டீமுக்கு மாற்றிவிட்டோம், அடங்கிவிட்டது. எல்லோருக்கும் இப்படி அமையாது, அது வேறு.

உங்களுக்கு இன்னும் ஆறு மாதத்தில் 5 வருஷம் முடிகிறது. நிரந்தர ஊழியருக்கு அப்போதுதான் கிராஜுவிட்டி (பணிக்கொடை). கணக்கு: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் (பேசிக்) அகவிலைப்படியும் (டி.ஏ.) சேர்ந்த தொகை × 15/26 × வருஷம். 40,000 என்றால் ஏறத்தாழ 1.15 லட்சம். உடம்பு தாங்கினால் இருங்கள். தாங்கவில்லை என்றால் அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும், விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும்: ராத்திரி பத்து மணிக்கு மேல் ராஜினாமா எழுதாதீர்கள். மறுநாள் காலை ஓடிவந்து "சார், அந்த மெயிலைப் பார்த்துட்டீங்களா?" என்று கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தை எடுத்துவிட்டு விலகலாமா?

எடுக்காதீர்கள். அடுத்த கம்பெனிக்கு மாற்றுங்கள். 5 வருஷ சர்வீஸுக்குள் எடுத்தால் வரி விழும். சர்வீஸ் 10 வருஷம் சேர்ந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு.

ஜவுளிக்கடையில் சேல்ஸ். காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்கிறேன். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. கஸ்டமர் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாதாம். வேலையையே வெறுத்துவிட்டேன். (திருச்சி)

அம்மா, இது மன அழுத்தம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பாதி கால் வலி. சட்டம் உங்கள் பக்கம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் போராடிய பிறகு, 2018இல் கேரளா உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம். தனியாகப் போய்க் கேட்காதீர்கள், நாலைந்து பேராகக் கேளுங்கள். மசியாவிட்டால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். சம்பளம் 21,000க்குள் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா பாருங்கள். பிடித்தால் வலிக்கிற காலை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், செலவில்லை.

நான் கடை வைத்திருப்பவன். கஸ்டமர் உள்ளே வரும்போது பெண் உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். சட்டம் எழுதுகிறவர்களுக்கு வியாபாரம் தெரியுமா? (மதுரை)

கஸ்டமர் வந்தால் எழுந்து நிற்கப் போகிறார்கள், அவ்வளவுதானே? மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை உங்கள் கடையில் எத்தனை பேர் வருகிறார்கள்? நீங்கள் கல்லாவில் உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள்? அதைப் பார்த்து யார் திரும்பிப் போனார்கள்?

எங்கள் கடையில் ஸ்டூல் போட்டார்கள் சார். அதன் மேல் சட்டைத்துணிக் கட்டு அடுக்கியிருக்கிறது. (ஈரோடு)

கேட்க ஆள் வந்தால் காட்டுவதற்கு! கட்டோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்காரன்தான். கல்லா வேறு, கவுன்டர் வேறு. முதலாளியையும் வேலையாளையும் ஒன்றாக்குகிறீர்கள்.

முழங்கால் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் ஐயா. பழைய ஆள் வலி தாங்காமல் நின்றுவிட்டால் புது ஆளுக்குச் சரக்கு தெரிய ஆறு மாதம் ஆகும். அந்த நஷ்டத்தோடு ஸ்டூல் விலையை வைத்துப் பாருங்கள்.

வேலை பிடிக்கவில்லை. பேப்பர் போடலாமா?

முதல் பதில்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கம்பெனி வாங்கி வைத்திருக்கிறது.

கொடுத்தது தப்பு. மெயிலில் திருப்பிக் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள்.

மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது. வேலை மாறினால் சரியாகுமா?

தம்பி, வேலையை அப்புறம் பார்ப்போம். இது என் கைக்கு மீறியது. இப்போதே அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. இன்று தனியாகப் படுக்காதீர்கள், வீட்டில் ஒருவரிடமாவது இதை அப்படியே சொல்லுங்கள். நாளை எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். லெட்டர் டைப் பண்ணி வைத்துவிட்டேன். அனுப்பட்டுமா?

மணி 11.40. காலையில் கேளுங்கள்.