பிளாக்வுட்டும் ஈட்டியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இசைக்கருவிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். மெல்பர்னில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். போன மாதம் ஒரு பழைய மேட்டன் 808 கிட்டார் வாங்கினேன், ஆஸ்திரேலியக் கம்பெனி செய்தது. முதுகும் பக்கங்களும் பிளாக்வுட் என்ற ஆஸ்திரேலிய மரம். கையில் எடுத்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் கூட வாசிக்கும் நண்பர், "இந்தக் காசுக்கு ரோஸ்வுட் போட்ட அமெரிக்க கிட்டாரே கிடைத்திருக்குமே, இதை ஊருக்குக் கொண்டுபோனால் பெயர்கூட யாருக்கும் தெரியாது" என்கிறார். அதிலிருந்து மனசு நிலையாக இல்லை. கீறல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். விற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், மெல்பர்ன்

அன்புள்ள நண்பருக்கு,

விற்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் நண்பர் உயர்வாகச் சொல்லும் ரோஸ்வுட் எங்கிருந்து வருகிறது? பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது 1960களிலேயே கடினமாகிவிட்டது. 1992-இல் அதன் சர்வதேச வணிகத்துக்கே தடை வந்தது. அதனால் அமெரிக்க கிட்டார்களின் முதுகில் இன்று பெரும்பாலும் இருப்பது இந்திய ரோஸ்வுட். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான் அது. தோதகத்தி என்றும் சொல்வோம். அதன் ஒலி எனக்கும் பிடிக்கும். ஆனால் 'அமெரிக்க ஒலி' என்று நண்பர் கேட்பதில் பாதி நம் மலையின் ஒலி என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

மேட்டன் கம்பெனி வேறு வழியில் போனது. மெல்பர்னில் பில் மே என்று ஒருவர். ஜாஸ் வாசிப்பவர், மரவேலை கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். அவரும் அண்ணன் ரெஜ்ஜும் சேர்ந்து 1946-இல் ஆரம்பித்தார்கள். குடும்பப் பெயரான 'மே'யோடு ஒலியைக் குறிக்கும் 'டோன்' சேர்ந்து மேட்டன் ஆனது. நல்ல கிட்டார் என்றால் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும் என்று ஆஸ்திரேலியர்களே நம்பிய காலம் அது. பில் மே 1993-இல் காலமானார். அவருடைய மகளும் மருமகனும் தொடர்ந்து நடத்தினார்கள். இப்போது தொழிற்சாலை பாக்ஸ் ஹில்லில் இருக்கிறது, உங்கள் ஊரிலேயே.

அவர்கள் செய்ததில் என்னை மிகவும் கவர்வது, தங்கள் காட்டு மரங்களைத் தட்டிக் கேட்டுப் பார்த்தது. குயின்ஸ்லாந்து மேப்பிள் என்பது மேப்பிளே அல்ல. எலுமிச்சைக் குடும்பத்து மரம், நம் வில்வத்துக்கும் கறிவேப்பிலைக்கும் சொந்தம். பிளாக்வுட் வேல மரத்தின் உறவு. ஹவாய்த் தீவின் புகழ்பெற்ற கோவா மரத்துக்கு மிக நெருங்கிய இனம். புன்யா இன்னும் அபூர்வமானது. பத்து கிலோ வரை கனக்கும் காய் காய்க்கிற மரம். காய்ப்பு பெருகும் ஆண்டுகளில், ஏறத்தாழ மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பழங்குடி மக்கள் நெடுந்தொலைவிலிருந்து நடந்துவந்து குயின்ஸ்லாந்தின் புன்யா மலையில் கூடுவார்கள். பழைய பகையை ஒதுக்கிவைத்து விருந்துண்டு, பாடி, ஆடிப் போவார்கள். அந்த மரத்தை மேல்பலகையாகப் போட்டுப் பெயர் வாங்கியது கோல் கிளார்க். அதுவும் மெல்பர்ன் கம்பெனிதான், 2001-இல் தொடங்கியது. புன்யா போட்ட கிட்டாரை ஒருமுறையாவது கடையில் எடுத்து வாசித்துப் பாருங்கள்.

எல்லாமே உள்ளூர் மரம் என்று சொல்ல மாட்டேன். பல மேட்டன்களின் மேல்பலகை வட அமெரிக்காவின் சிட்கா ஸ்ப்ரூஸ் மரம்தான். அதில் குறையொன்றும் இல்லை.

சரி, ஒலிக்கு வருவோம். ரோஸ்வுட்டில் ஒரு கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து, வாசித்தால் அதைச் சுற்றி ஒரு கார்வை எழும்பி நிற்கும். பிளாக்வுட்டில் அவ்வளவு கார்வை இல்லை. ஆறு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழும். விரலால் மீட்டுகிறவர்களுக்கு இது பெரிய வரம். நடுவில் ஒலிக்கும் ஒரு சுரம் நகர்ந்தால்கூடத் தெரியும். தவறினாலும் தெரியும். என் கை சுத்தமானது பிளாக்வுட் கிட்டாரில்தான். மெல்பர்னில் சில வருடம் இருந்தபோது வாங்கியது, இப்போது சென்னையில் என்னோடு இருக்கிறது.

ஊரில் யாருக்கும் தெரியாது என்றாரே, அந்த மரத்தை நம் ஊருக்கு நன்றாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் விறகுக்காக ஆஸ்திரேலிய வேல மரங்களை நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பிளாக்வுட்டும் ஒன்று. அங்குள்ளவர்கள் சீகை என்று சொல்கிறார்களே, அந்தக் கூட்டம். சோலைக்காட்டையும் புல்வெளியையும் அவை தின்றுவிட்டதால் இன்று அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஊட்டியில் வெட்டிப்போட்ட பிளாக்வுட் கட்டை ஒன்றைத் தடவிப் பார்த்தேன். என் கிட்டாரின் முதுகில் இருக்கும் அதே தேன் நிறமும் கருங்கோடுகளும். அந்தக் காட்டுக்கு அது ஆகாது என்று தெரிந்தும் மனது கஷ்டமாக இருந்தது.

கீறல் பயத்துக்கு என்னிடம் ஒரே மருந்து டாமி இம்மானுவேல். 1955-இல் நியூ சவுத் வேல்ஸின் மஸ்வெல்புரூக்கில் பிறந்தவர், பல பத்தாண்டுகளாக மேட்டன் வாசிப்பவர். அவர் கிட்டாரின் மேல்பலகையைப் பாருங்கள். தட்டித் தட்டி, பிரஷ்ஷால் தேய்த்துத் தாளம் போட்டு, பாலிஷ் போய் வெறும் மரம் தெரியும். அந்தக் கருவிதான் பெரிய பெரிய அரங்குகளை நிறைக்கிறது. ஒலியைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மேட்டனின் பிக்கப்புக்கும் அதில் பங்குண்டு. தந்திகளைத் தாங்கும் சின்னத் துண்டான சேடிலுக்கு அடியில் ஒரு சென்சர், கிட்டாரின் உடலுக்குள் ஒரு குட்டி மைக், இரண்டையும் வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். உங்களுடையதில் அது இருந்தால் மைக்கைக் கொஞ்சம் கூட்டிவைத்துக் கேளுங்கள், மரத்தின் குரல் வரும்.

நீங்கள் பயப்பட வேண்டியது கீறலுக்கு அல்ல, காற்றின் ஈரப்பதத்துக்கு. சென்னைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் என் கிட்டாரின் மேல்பலகை ஈரம் குடித்து உப்பிவிட்டது. தந்திகள் உயர்ந்து விரல் வலித்தது. பழுது பார்ப்பவர் ஒருவர் உடனே சேடிலை அரத்தால் ராவித் தாழ்த்திக் கொடுத்தார். கோடையில் ஏசி அறையில் மரம் காய்ந்து பலகை இறங்கியது, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட் எல்லாவற்றிலும் தந்தி அடித்து இரைச்சல். ராவிய சேடில் திரும்ப வளருமா? புதிதாகப் போட வேண்டியதாயிற்று. உங்கள் ஊரில் இதற்கு நேர்மாறு. கோடையில் வடக்கிலிருந்து வீசும் அனல்காற்றும் குளிர்காலத்து ஹீட்டரும் மரத்தை உலர்த்திவிடும். ஃப்ரெட்டின் முனைகள் விரலில் குத்த ஆரம்பித்தால் மரம் சுருங்குகிறது என்று பொருள். சின்ன ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள். 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் போதும். அதற்குக் கீழே போனால் ஈரப்பஞ்சு வையுங்கள். வெயிலில் காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இந்த வாரம் புதுத் தந்தி மாற்றுங்கள். எல்லாத் தந்தியும் கழற்றியிருக்கும்போது துளை வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். லேபிள் இருக்கும், பிளாக்வுட்டின் மெழுகிடாத உள்பக்கமும் தெரியும். முகர்ந்தும் பாருங்கள். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.