உம்மாவின் லென்ஸ்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கீழக்கரைக்காரன். துபாயில் வேலை. ஊரில் நடக்கும் கண் முகாமுக்கு வருஷாவருஷம் என்னால் ஆனதை அனுப்புகிறேன். எங்கள் உம்மாவுக்கும் அப்படி ஒரு முகாம் மூலமாகத்தான் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். இப்போது நண்பர் ஒருவர், மருத்துவ ஆராய்ச்சிக்கும் கொடு என்கிறார். முகாமுக்குக் கொடுத்தால் பார்வை வந்த ஆளை நேரில் பார்க்கலாம். ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் எதைப் பார்ப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் கேட்பது உம்மாவின் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

என் தாத்தாவுக்குப் புரை எடுத்த காலத்தில் உள்ளே லென்ஸ் வைக்கவில்லை. சோடாபுட்டிக் கண்ணாடிதான். காதில் நிற்காது என்று தங்கூசால் பின்மண்டையோடு கட்டியிருப்பார். ஒருநாள் கரைவலை இழுக்கும்போது அலை அடித்து அதுவும் போயிற்று. மறு கண்ணாடி வரும்வரை திண்ணையில் உட்கார்ந்து, வலைக் கிழிசலை விரலால் தடவித் தடவி முடிந்துகொண்டிருந்தார். யாராவது முற்றத்தில் நடந்தால், "யாருப்பா?" என்பார். பெற்ற மகனிடமும் அதே கேள்விதான்.

அப்போதே லென்ஸ் இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துணுக்குகள் உறுத்தாமல் கிடந்ததை லண்டன் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி கவனித்தார். 1949இல் அந்த வகைப் பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்து ஒரு நோயாளிக்கு வைத்தார். சக டாக்டர்கள் பலர் எதிர்த்தார்கள். அது நிலைபெற்ற பிறகும் விலை நம்மை எட்டவில்லை. வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலர் அளவில் இருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லென்ஸ் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் 1992இல் இங்கேயே செய்யத் தொடங்கியதும் அது சுமார் 10 டாலருக்கு வந்தது. அந்தத் தொழில்நுட்பத்தை இங்கே கொண்டுவர உதவியது செவா என்ற அமெரிக்க அறக்கட்டளை, அதாவது நன்கொடைக் காசு. இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. உங்கள் பக்கம் சதகத்துல் ஜாரியா, நிலைத்த தர்மம், என்பார்களே, வெட்டியவர் போன பிறகும் ஊறுகிற கிணறு மாதிரி. அந்தக் கணக்குதான் இது.

ஆராய்ச்சி என்றால் எலியும் கண்ணாடிக் குழாயும் மட்டுமில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கண் கோளாறு உள்ளவர்களில் 100க்கு 7 பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, இந்த வயசுக்கு இது போதும் என்ற நினைப்பு. நம் கரையிலும் கிழவிகள் சொல்வது அதுதானே? "என்னை யாரு கூட்டிட்டுப் போவா?" வீடு வீடாகப் போய் இதைக் கேட்டு எழுதியவர்களுக்கும் யாரோ ஒருவர் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். காரணம் தெரியாமல் முகாம் போட்டால் பந்தல் செலவுதான் மிச்சம்.

அதற்காக ஆராய்ச்சி என்று ரசீதுப் புத்தகம் நீட்டுகிறவர்களுக்கெல்லாம் கொடுக்காதீர்கள். என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள், கண்டுபிடித்தால் ஏழைக்கு என்ன விலைக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். முகாமுக்குக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டாம்; அதிலிருந்து கொஞ்சம் பிரித்தால் போதும்.

அப்புறம் ஒன்று. ஆபரேஷன் அட்டையில் லென்ஸின் ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுப்பார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உம்மாவின் அட்டையைத் தேடி எடுத்து, அதில் எந்த ஊர் பெயர் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.