பெரிய டாக்டர் இன்னும் காகிதத்தில்தான் எழுதுகிறார்

கேள்வி: குடியாத்தத்தில் 80 படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டென்டென்டாக இருக்கிறேன். பெரிய டாக்டர் ஆரம்பித்த மருத்துவமனை, இப்போது நிர்வாகத்தை அவர் மகன் பார்க்கிறார். பொங்கலிலிருந்து கேஸ் ஷீட் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று சொல்லி அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். வேலூரிலிருந்து சாயங்காலம் வந்துபோகும் டாக்டர்கள் கம்ப்யூட்டர் பக்கமே திரும்புவதில்லை. சிஸ்டர்கள் பேப்பரிலும் எழுதி, கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிறார்கள். மூத்த சிஸ்டர் ஒருவர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். பெரிய டாக்டர் மீட்டிங்கில் சரி என்கிறார், ரவுண்ட்ஸில் பேப்பரில் எழுதுகிறார். மாதக் கடைசிக்குள் நூறு சதவீதம் காட்டச் சொல்கிறார் மகன். எல்லோரையும் எப்படி வழிக்குக் கொண்டுவருவது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: சகோதரி, எல்லோரையும் ஒரே நேரத்தில் வழிக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். முதலில் பெரிய டாக்டர். சிஸ்டர்களைப் பற்றியும் வேலூர் டாக்டர்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லிப் போயிருக்கிறீர்கள், எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிகிறது. உங்களுடையது போன்ற மருத்துவமனையில் சர்க்குலரை யாரும் பார்ப்பதில்லை, காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் என்ன செய்கிறாரோ அதைத்தான் பார்க்கிறார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டிருக்கும்வரை, 'இது நாலு மாதத்தில் நின்றுவிடும்' என்றுதான் ஒவ்வொரு சிஸ்டரும் நினைப்பார். அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை.

அவரிடம் தனியாகப் போங்கள். மகன் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம், புகாரோடும் போக வேண்டாம். 'ஐயா, இதில் உங்களுக்கு எது பிடிக்கவில்லை?' என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கிறவரை குறுக்கே பேசாதீர்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகியவர், திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் படலாம். டைப் அடிக்கத் தெரியாதது இளம் டியூட்டி டாக்டர்கள் முன்னால் தெரிந்துவிடும் என்ற கூச்சம் இருக்கலாம். தான் கட்டிய இடம் தன் கையை விட்டுப் போகிறது என்ற வலியும் இருக்கலாம், அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு உதவி கேளுங்கள்: அவர் வார்டில் மட்டும் இரண்டு வாரம், ஒரு டியூட்டி டாக்டர் கூடவே வந்து ஏற்றட்டும், அடுத்த படுக்கைக்குப் போவதற்கு முன் பெரிய டாக்டர் திரையைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுக்கட்டும். அதுவும் முடியாது என்றால், எந்தத் தேதியோடு பேப்பர் நிற்கிறது என்று அவர் வாயாலேயே எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாமல் நீங்கள் மேற்கொண்டு ஒரு அடியும் வைக்க வேண்டாம்.

தலைமையில் இருப்பவர் தன் கையில் இருப்பதை விட்டுக்கொடுப்பதற்கு நம் வட ஆற்காட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் 1918ல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். பிற்பாடு அரசாங்கம் அந்தப் பழைய படிப்பு போதாது, பல்கலைக்கழகப் பட்டம்தான் வேண்டும் என்று சொன்னதும் பள்ளியே நிற்குமா என்ற நிலை வந்தது. எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா அமெரிக்கா போய் நிதி திரட்டினார். 1942ல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947ல் ஆண்களையும் சேர்த்தார்கள். ஆண்களைச் சேர்ப்பதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் வெளியாட்கள் இல்லை, பெண்களுக்கான கல்லூரி என்று நம்பி நெடுங்காலம் கூட நின்ற அமெரிக்கப் பெண்களில் சிலர். ஐடாவுக்கும் அது பெண்களுக்காகவே கட்டிய இடம்தான். அதில் அவரே விட்டுக்கொடுத்ததால்தான் மற்றவர்களிடம் விட்டுக்கொடுக்கச் சொல்ல முடிந்தது. பெரிய டாக்டரிடம் பேசும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், இந்தப் பக்கத்து டாக்டர்களுக்கு அந்தப் பெயர்மேல் தனி மரியாதை உண்டு.

அடுத்தது அந்த நூறு சதவீதம். அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க உலக சுகாதார நிறுவனம் 2008ல் 19 அம்சப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. எட்டு நகரங்களில், டெல்லியும் அதில் ஒன்று, ஒவ்வொரு மருத்துவமனையில் அதைப் பழக்கிப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது, சிக்கல்கள் 11லிருந்து 7க்கு. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதையே எல்லா மருத்துவமனைகளும் செய்தாக வேண்டும், செய்ததைக் கணக்குக் காட்டவும் வேண்டும் என்று ஆணை போட்டார்கள். 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014ல் வந்த கட்டுரையைப் பாருங்கள்: பின்பற்றியதாகக் காட்டிய கணக்கு எல்லா இடத்திலும் தொண்ணூறுக்கு மேல், ஆனால் இறப்பிலும் சிக்கல்களிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமே இல்லை. பட்டியல் அதேதான். மேலிருந்து சதவீதம் கேட்டால் கீழே டிக் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் வார்டிலும் அது ஆரம்பித்திருக்கும், ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து காலை ஆறு மணிவரைக்குமான பி.பி., டெம்பரேச்சரை முன்கூட்டியே ஏற்றுகிறார்களா என்று ஒருநாள் போய்ப் பாருங்கள்.

வேலூர் டாக்டர்கள் சம்பளக்காரர்கள் இல்லை, அதட்ட முடியாது. அவர்களுக்கு நேரம்தான் எல்லாம். கார் உள்ளே வருவதற்குள் அவர்களுடைய நோயாளிகள் பட்டியலும் அன்றைய லேப் ரிசல்ட்டும் ஒரே திரையில் தயாராக இருக்கட்டும், வழக்கமாக எழுதும் மருந்துகள் முன்பே ஏற்றப்பட்டிருக்கட்டும். ஒருவர் பழகினால் போதும், அவர் அடுத்தவரிடம் சொல்வார். ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். டாக்டர் தன் பாஸ்வேர்டை சிஸ்டரிடம் கொடுத்து 'நீயே போட்டுவிடும்மா' என்று சொல்வது பல இடங்களில் நடக்கிறது. நாளைக்கு டோஸ் தப்பாகிப்போனால் யாரைக் கேட்பார்கள்? அந்தப் பெண்ணைத்தான். அவசரத்தில் போனில் சொன்ன மருந்து வேறு, அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, பிறகு டாக்டரே கையெழுத்திடும் வழி இருக்கிறது. மற்ற எந்த மருந்து ஆர்டரும் சிஸ்டர் கையால் போகக்கூடாது. இதற்காக ஒரு டாக்டர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நீங்கள் நிற்க வேண்டிய இடம் இது.

இப்போது அந்த மூத்த சிஸ்டர். கடிதத்தில் அவரைப் பற்றிப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. டியூட்டி மாறும்போது அவர் கொடுக்கும் ஹேண்ட் ஓவரை நம்பித்தான் இத்தனை வருடம் அந்த வார்டு நடந்திருக்கும், எந்தப் படுக்கைக்காரருக்குச் சிறுநீர் குறைகிறது, எந்த அம்மா ஊசிக்குப் பயப்படுவார் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரே நாளில், நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண் கீபோர்டில் விறுவிறுவென்று அடிக்க, இவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் போகிறேன் என்பது கம்ப்யூட்டரால் இல்லை, அப்படி உட்கார்ந்திருந்தபோது பட்ட அவமானத்தால். அவரைச் சின்னப் பெண்களோடு பயிற்சி வகுப்பில் உட்காரவைத்தது பெரிய தவறு. அவரிடம் வேறு வேலை கொடுங்கள்: ஹேண்ட் ஓவர் திரையில் என்னென்ன கேள்வி வர வேண்டும், எது வேண்டாம் என்று அவர் முடிவு செய்யட்டும், மென்பொருள் கம்பெனி ஆள் வந்தால் அவரோடு உட்கார்ந்து மாற்றட்டும். டைப்பிங்கை மத்தியானம் வார்டு ஓய்ந்த நேரத்தில் ஒருவர் தனியாகச் சொல்லித்தரலாம். அவர் சரி என்று சொன்ன திரையைத்தான் மற்ற சிஸ்டர்கள் நம்புவார்கள்.

யாரும் கணக்கில் சேர்க்காத இன்னும் சிலர் இருக்கிறார்கள். பேர்ணாம்பட்டிலிருந்து வரும் குடும்பத்திடம் உருதில், பலமநேர் பக்கத்திலிருந்து வருபவரிடம் தெலுங்கில் பேசி டாக்டருக்குச் சொல்கிற ஆயாம்மா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அனுமதி வாங்க ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து அனுப்பும் பையன், டிஸ்சார்ஜ் சம்மரிக்காகக் காத்திருந்து கடைசி பஸ்ஸை விட்டுவிடும் உறவினர்கள். இவர்களுக்குத்தான் இந்த மாற்றத்தில் உடனே லாபம் கிடைக்க முடியும். பையனுக்கு ரிப்போர்ட் தேடும் அலைச்சல் குறையும். மருந்துச் சீட்டைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்க முடிந்தால் முதல் வாரமே செய்துவிடுங்கள். அதை வாங்கிப் பார்த்து நோயாளி சந்தோஷப்பட்டால், அது நீங்கள் நடத்தும் பத்து மீட்டிங்கை விடப் பெரிது.

இரட்டை எழுத்தை எப்படியாவது நிறுத்துங்கள், சிஸ்டர்களின் வெறுப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. எல்லாத் தாளையும் ஒன்றாக மாற்ற வேண்டாம். முதலில் லேப், பிறகு டிஸ்சார்ஜ் சம்மரி, பிறகு வைட்டல்ஸ் (பி.பி., டெம்பரேச்சர் போன்றவை), மருந்துச் சார்ட் கடைசியில். ஒவ்வொன்றும் கம்ப்யூட்டருக்குப் போகிற அன்றே அந்தப் பேப்பர் வார்டிலிருந்து வெளியே போய்விட வேண்டும். அப்புறம் கரண்ட் போனால், சர்வர் நின்றால் என்ன செய்வது? அதற்கென்று ஒவ்வொரு வார்டிலும் ஒரு கட்டு அவசரப் படிவம் வைத்து, திரும்ப வந்ததும் யார் ஏற்றுவது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். இது இல்லாததால்தான் அவர்கள் பழைய நோட்டை மேஜைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

மகனிடம் பேச வேண்டியதும் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் ரத்தக்குழாயில் செருகும் டியூப் வழியாக வரும் தொற்றைக் குறைக்க ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தார்கள், 2006ல் வந்த அதன் முடிவுகளில் தொற்று 66 சதவீதம் வரை குறைந்திருந்தது. பட்டியலில் இருந்தவை கை கழுவு, தோலைச் சுத்தம் செய் என்ற சாதாரண விஷயங்கள். டாக்டர் ஒரு படியை விட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்தார்கள். நிர்வாகத்திலிருந்து மூத்த அதிகாரிகளும் அந்த வேலையில் இறங்கி, குறைகளைக் கேட்டுத் தீர்த்துக் கொடுத்தார்கள். உங்கள் நிர்வாகத்திடம் இந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும். வாரம் ஒருமுறை டிஸ்சார்ஜ் நேரத்தில் மகன் ஏதாவது ஒரு வார்டுக்கு வந்து நிற்கட்டும், சதவீதம் கேட்காமல் 'எது தடையாக இருக்கிறது' என்று கேட்டு, அடுத்த வாரத்துக்குள் ஒன்றையாவது சரிசெய்யட்டும். தேதியைத் தள்ளிப்போடும் அதிகாரம், பாஸ்வேர்டு விஷயத்தில் மறுக்கும் அதிகாரம், இரண்டும் உங்களுக்கு எழுத்தில் வேண்டும். பொறுப்பு மட்டும் கொடுத்து அதிகாரம் கொடுக்கவில்லை என்றால், அந்தப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேலையை விட வேண்டியதில்லை.

மூத்த சிஸ்டரின் ராஜினாமா கடிதத்தை இன்னும் மேலே அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். ஆபீசுக்குக் கூப்பிடாமல் அவர் டியூட்டி முடியும் நேரத்தில் நீங்களே வார்டுக்குப் போய், அந்த ஹேண்ட் ஓவர் வேலையைப் பற்றிக் கேளுங்கள். இதை மட்டும் பெரிய டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள், ஏனென்றால் அவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்த சிஸ்டரைப் பற்றித்தான்.