முதியோர் இல்லத்தில் கீழே விழுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். விழுவதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சிஸ்டர், அப்பா ராத்திரியில் கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்துவிடுகிறார். இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி போடச் சொல்லலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நினைவு தடுமாறுகிறவர் கம்பி மேலேயே ஏறி இறங்கப் பார்ப்பார், அப்போது விழும் உயரம்தான் கூடும். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கி உயிர் போனதும் உண்டு. அவர் எதற்காக எழுந்தார் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் பாத்ரூம் போகத்தான் இருக்கும். தூங்கப்போகும் முன் ஒரு தடவை, அப்புறம் வழக்கமாக அவர் விழிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்கிற ஆளே எழுப்பிக் கூட்டிப்போனால் பாதிப் பிரச்சினை குறையும். நீர் பிரிகிற மாத்திரையைச் சாயங்காலம் கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். இன்னொன்று, காலிங் பெல். சுத்தம் செய்கிறவர்கள் ஒயரைச் சுருட்டித் தலைமாட்டில் மாட்டுவார்கள், அது அங்கேயே கிடக்கும், இவர் கைக்கு எங்கே எட்டும்?

கேள்வி: நாற்காலியோடு துணியால் கட்டி வைத்தால் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. உட்கார்ந்தே இருந்தால் காலில் இருக்கிற பலமும் போய், அவிழ்த்துவிட்ட அன்றைக்கே விழுவார்.

கேள்வி: அம்மா எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. பிரஷர் நார்மல் என்கிறார்கள்.

பதில்: உட்கார்ந்தபடியோ படுத்தபடியோ பார்த்திருப்பார்கள். 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு தடவை, நின்றபிறகு 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதுதான் காரணமாக இருக்கலாம். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: வீட்டுக்குள் வெறும் சாக்ஸ் போதுமா?

பதில்: வழுக்கும். பின்பக்கம் மூடின, அடியில் பிடிப்புள்ள செருப்பு வாங்குங்கள்.

கேள்வி: அக்கா, வேலைக்குப் புதுசு நான். பக்கவாதம் வந்தவரை வீல்சேருக்கு எப்படி மாற்றுவது?

பதில்: வீல்சேரை அவருடைய நல்ல கை கால் இருக்கிற பக்கம் போடு. பிரேக்கைப் பூட்டு, கால் பலகையை மடக்கு, அதில் இடறி விழுகிறவர்கள் நிறைய. செயலிழந்த கையைப் பிடித்து மட்டும் இழுக்காதே, தோள் மூட்டு விலகிவிடும். இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடி. தனியாக முடியாது என்று தோன்றினால் இன்னொருவரைக் கூப்பிடு, அதில் வெட்கம் வேண்டாம்.

கேள்வி: விழுந்தவரை உடனே தூக்கலாமா?

பதில்: கூடாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு மூட்டில் எலும்பு முறிந்திருக்கலாம், அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். மூளையைச் சுற்றி மெதுவாகக் கசிகிற ரத்தம் சில நாள் கழித்துக்கூட வேலையைக் காட்டும், அதனால் திரும்பி வந்தபிறகும் வாந்தி, குழறல், வழக்கத்துக்கு மீறின தூக்கம் வருகிறதா என்று ராத்திரி டியூட்டிக்கு வருகிறவரிடமும் சொல்லி வையுங்கள்.